இருபதாயிரம் ரூபாய், ஒரு ஃபிளாட்: எக்ஸாஸ்ட்டா, சிம்னியா, ப்யூரிஃபையரா?

சென்னையில் ஓர் இரண்டு படுக்கையறை ஃபிளாட். 850 சதுர அடி, மூன்றாவது மாடி, ஒரு பக்கம் தெரு, மறு பக்கம் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். பெரியவர்கள் மூன்று பேர், அடிக்கடி வீசிங் வரும் ஒரு குழந்தை. வீட்டுக் காற்றைச் சரிசெய்ய ஒதுக்கிய பணம் இருபதாயிரம். எலெக்ட்ரானிக்ஸ் கடைக்குப் போனால் ப்யூரிஃபையரைக் காட்டுவார்கள். மாடுலர் கிச்சன்காரர் சிம்னி என்பார். சொந்தக்காரர் யாராவது, நாலு செடி வைத்தால் போதும், எதற்கு வீண் செலவு என்பார்.

முதல் இருவர் சொல்வதும் பொய்யில்லை. ஆனால் ஒவ்வொருவரும் வேறு வேறு அழுக்கைப் பற்றிப் பேசுகிறார்கள். தாளிப்புப் புகை, கொசுவத்திப் புகை, தெருவிலிருந்து வரும் நுண்துகள், பூட்டிய ஏசி அறையில் சேரும் கார்பன் டை ஆக்சைடு, மழைக்காலப் பூஞ்சை, புது பிளைவுட்டின் வாடை எல்லாம் ஒரே மருந்துக்கு மசியாது. வீட்டுக்குள் பிறக்கும் அழுக்கைப் பிறந்த இடத்திலேயே வெளியே தள்ள வேண்டும். வெளியிலிருந்து வருவதை வடிகட்ட வேண்டும். ஈரத்தை உலர்த்த வேண்டும். இதில் எது உங்கள் வீட்டில் பெரியது என்று தெரியாமல் செய்யும் செலவில் பாதி வீண். எங்கள் கணிப்பில், ப்யூரிஃபையரை முதலில் வாங்க வேண்டிய வீடுகள் உண்டு, ஆனால் விற்கிற அளவுக்கு இல்லை.

முதலில் அளந்து பாருங்கள்

லேசர் சென்சார் வைத்த, பிஎம் 2.5 எனப்படும் நுண்துகளை அளக்கும் மீட்டர் மூவாயிரம், நாலாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. வாங்க மனமில்லை என்றால் யாரிடமாவது இரண்டு நாள் இரவல் வாங்கினாலும் போதும். சமையலுக்கு முன், தாளிக்கும்போது, சமைத்து ஒரு மணி நேரம் கழித்து, கொசுவத்தி ஏற்றிய பின், படுக்கையறையில் விடியற்காலை என்று ஐந்தாறு நேரங்களில் குறித்துக்கொள்ளுங்கள். கூடவே வெளிக்காற்றையும் பால்கனியில் அளந்துகொள்ளுங்கள்.

எண்ணைப் படிக்கும்போது இரண்டு இடங்களில் ஏமாறுவார்கள். ஒன்று, நீராவி. குக்கர் விசில் அடித்தாலோ இட்லிப் பானையைத் திறந்தாலோ மீட்டர் எகிறும். லேசருக்கு நீர்த்துளியும் தூசியும் ஒன்றுதான். ஐப்பசி, கார்த்திகையில் ஈரப்பதம் 85 சதவீதத்தைத் தாண்டும் விடியற்காலைகளில் மீட்டர் பொதுவாகவே கூடுதலாகக் காட்டும், ஈரத்தில் துகள் ஊதிக்கொள்வதால். இன்னொன்று, ஏக்யூஐ என்ற காற்றுத் தரக் குறியீட்டு எண்ணையும் மைக்ரோகிராமையும் குழப்பிக்கொள்வது. இந்தியக் கணக்கில் பிஎம் 2.5-க்கான ஏக்யூஐ 100 என்றால் ஒரு கன மீட்டர் காற்றில் 60 மைக்ரோகிராம். இந்தியாவின் 24 மணி நேர வரம்பும் அதே 60. உலகச் சுகாதார நிறுவனம் 2021-ல் திருத்திய வரம்பு 15. ஆலந்தூர், வேளச்சேரி, மணலி போன்ற இடங்களில் உள்ள அரசு அளவீட்டு நிலையங்களின் எண்களை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சமீர் செயலியில் பார்க்கலாம். உங்கள் மீட்டர் அதோடு தோராயமாக ஒத்துப்போனால் நம்பலாம்.

நாள் முழுக்க உள்ளேயும் வெளியேயும் ஏறத்தாழ ஒரே எண் வந்தால் உங்கள் சிக்கல் தெரு. வெளியே 35, உள்ளே காலை எட்டு மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் 200, 300 என்று கோபுரம் எழுந்தால் சிக்கல் அடுக்களை. இரவு முழுக்க மெதுவாக ஏறிக்கொண்டே போனால் கொசுவத்தியைத் தேடுங்கள்.

காசில்லாமல் ஆகிற வேலை

கொசுவத்திச் சுருளை நிறுத்துவதற்கு ஈடான எந்திரம் எதுவும் இருபதாயிரத்துக்குள் இல்லை. 2003-ல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு சுருள் முழுக்க எரிந்து முடிந்தால் வெளியாகும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் எரிந்ததற்குச் சமம் என்று அளந்தார்கள். அதை ஏற்றி வைத்துவிட்டு பக்கத்திலேயே ப்யூரிஃபையரை ஓட்டும் வீடுகளும் இருக்கின்றன. டெங்கு உள்ள ஊரில் கொசுவை விட்டுவைக்கச் சொல்லவில்லை. ஜன்னலுக்கு வலை அடித்து, பிள்ளை படுக்கும் கட்டிலுக்குக் கொசுவலை கட்டுவதுதான் புகையில்லாத வழி. லிக்விட் மெஷினில் புகை இல்லை. ஆனால் அதுவும் பூச்சிக்கொல்லி ஆவிதான் என்பதால் கதவை இறுக மூடி இரவு முழுக்க ஓட்ட வேண்டாம்.

சாம்பிராணியும் ஊதுபத்தியும் அடுத்தது. குழந்தைக்குத் தலைக்கு ஊற்றிவிட்டுச் சாம்பிராணிப் புகை காட்டும் வழக்கம் உள்ள வீட்டில், வீசிங் உள்ள பிள்ளைக்கு அதை விட்டுவிடுவது நல்லது. தலையைத் துண்டால் நன்றாகத் துவட்டினால் போதும். பூஜைக்கு ஏற்றுவதென்றால் ஜன்னல் ஓரத்தில், காற்று வெளியே போகும் பக்கமாக ஏற்றுங்கள். பீரோவில் போடும் பாச்சா உருண்டை நாப்தலீன். ஜி6பிடி குறைபாடு, அதாவது ரத்த அணுக்களைக் காக்கும் ஒரு நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள கைக்குழந்தைக்கு அதன் ஆவியே ரத்த அணுக்களை உடைக்கும். பிள்ளைத் துணி வைக்கும் அலமாரியில் அது கூடவே கூடாது.

பெருக்குவதும் அப்படித்தான். தென்னந்துடைப்பம் தூசியைக் கிளப்பும், கிளப்பிய தூசி மணிக்கணக்கில் மிதக்கும். ஈரத் துணியால் துடைத்தால் அந்தச் சிக்கலே இல்லை. நுண்துகளையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி இல்லாத வாக்யூம் கிளீனர் முன்னால் உறிஞ்சி நுண்துகளைப் பின்னால் ஊதும்.

எக்ஸாஸ்ட்டா, சிம்னியா

நம் சமையலில் நுண்துகளை அதிகம் கிளப்புவது கேஸ் அடுப்பின் நெருப்பல்ல, எண்ணெய். கடுகு, மிளகாய் தாளிப்பு, தோசைக்கல், அப்பளம், மீன் வறுவல். நெருப்பு தன் பங்குக்கு நைட்ரஜன் டை ஆக்சைடைத் தரும். இன்டக்‌ஷன் அடுப்புக்கு மாறினால் இந்த வாயு போகும், தாளிப்புப் புகை அப்படியே இருக்கும். எந்த அடுப்பாக இருந்தாலும் புகை வெளியேற வழி தேவை.

எக்ஸாஸ்ட் ஃபேன் அறைக் காற்றோடு கலந்த புகையைத் தள்ளுகிறது. சிம்னி, கலப்பதற்கு முன் அடுப்பின் தலைக்கு மேலேயே பிடிக்கிறது. கொள்கையளவில் சிம்னி உயர்ந்தது. நடைமுறையில், ஒழுங்காகப் பொருத்திய இரண்டாயிரம் ரூபாய் எக்ஸாஸ்ட், அரைகுறையாகப் பொருத்திய பதினைந்தாயிரம் ரூபாய் சிம்னியைத் தோற்கடிக்கும். அரைகுறையாகப் பொருத்தியவைதான் அதிகம்.

எக்ஸாஸ்ட்டின் கணக்கு எளிது. அடுக்களையின் நீளம், அகலம், உயரத்தை அடியில் பெருக்கி 35-ஆல் வகுத்தால் கன மீட்டர் கிடைக்கும். 8-க்கு 8, உயரம் 10 அடி என்றால் 18 கன மீட்டர். சமைக்கும்போது மணிக்கு 20 முறையாவது காற்று மாற வேண்டும் என்று வைத்தால் 360 கன மீட்டர். ஃபேன் பெட்டியில் போட்டிருக்கும் எண் தடையே இல்லாத நிலையில் அளந்தது. ஷட்டர், வலை, சுவரின் தடிமன் எல்லாம் சேர்ந்தால் ஏறக்குறைய பாதிதான் தேறும் என்று வைத்துக்கொள்வதே பத்திரம். ஆகவே லேபிளில் 700-க்குக் குறையாத 250 மி.மீ. ஃபேன் வாங்குங்கள். குளியலறைக்கு விற்கும் 150 மி.மீ. ஃபேனை அடுக்களையில் மாட்டினால் சத்தம் மட்டும்தான் மிஞ்சும்.

அளவை விட இடம் முக்கியம். ஃபேன் அடுப்புப் பக்கச் சுவரில், கூரையை ஒட்டி இருக்க வேண்டும். புதுக் காற்று எதிர்ப்பக்கத்திலிருந்து, அதாவது ஹால் அல்லது பால்கனி வழியாக வர வேண்டும். ஃபேனுக்குக் கீழேயே உள்ள அடுக்களை ஜன்னலைத் திறந்து வைத்தால், வெளிக்காற்று அந்த ஜன்னலில் நுழைந்து நேரே ஃபேனில் போய்விடும். அடுப்புக்கு மேலிருக்கும் புகை நகராது. புகை போகவே மாட்டேன் என்கிறது என்று அலுத்துக்கொள்ளும் பல வீடுகளில் செய்ய வேண்டியது அந்த ஜன்னலைச் சாத்துவதுதான். சரியாக இருக்கிறதா என்று பார்க்க, ஃபேனை ஓட்டி ஹால் பக்க வாசலில் ஒரு டிஷ்யூ தாளைத் தொங்கவிடுங்கள். அது அடுக்களைப் பக்கமாகச் சாய வேண்டும்.

வீடு கட்டியவர் விட்டுப்போன சதுர ஓட்டையில் வட்ட ஃபேனை வைத்து நாலு மூலையும் திறந்து கிடந்தால், தள்ளிய காற்றில் ஒரு பங்கு அந்த மூலை வழியாகவே திரும்பும். பிளைவுட் வெட்டி அடைத்து ஓரத்தில் சிலிகான் போடுங்கள். புறாவுக்காக வலை போடுவதென்றால் அரை அங்குலக் கண் போதும். கொசுவலை போட்டால் எண்ணெயும் நூலும் சேர்ந்து சீக்கிரமே அடைத்துவிடும். ஷட்டர் இதழ்கள் எண்ணெய்ப் பிசுக்கில் ஒட்டிக்கொள்ளும். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கழற்றி, சலவை சோடா கரைத்த வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்தால் கழன்றுவிடும். இறக்கை சுத்தமாக இருந்தும் ஃபேன் மெதுவாகச் சுற்றினால் பெரும்பாலும் கெபாசிட்டர் போயிருக்கும். மாற்ற நூறு, நூற்றைம்பது ரூபாய்; அதற்காகப் புது ஃபேன் வாங்க வேண்டாம்.

சிம்னிக்கு வருவோம். இரண்டு பர்னர், மூன்று பர்னர் அடுப்புக்கு 60 செ.மீ. அகலம் போதும், நாலு பர்னருக்கு 90. அடுப்பின் மேல்மட்டத்திலிருந்து சிம்னியின் அடி 65 முதல் 75 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். தலை இடிக்கிறது என்று 90 செ.மீ.க்கு ஏற்றினால் புகை பக்கவாட்டில் தப்பிவிடும். அடுப்பை மேடையின் முன் விளிம்புக்கு இழுத்து வைத்தாலும் அதேதான். முடிந்தவரை சுவர்ப் பக்கம் தள்ளி வையுங்கள். நாலு பர்னர் அடுப்பில் வறுவலைப் பின்பக்க பர்னருக்கு மாற்றினாலே நன்றாக இழுக்கும். அடுக்களையில் சீலிங் ஃபேன் இருந்தால் வறுக்கும் நேரம் மட்டும் அணையுங்கள். அது மேலே எழும் புகையைக் கலைத்து ஹாலுக்கு அனுப்பிவிடும்.

வேலை கெடுவது குழாயில். 6 அங்குல வாய் உள்ள சிம்னிக்கு, சுவரில் 4 அங்குல ஓட்டைதான் இருக்கிறது என்று ரெட்யூசர் போட்டு இணைப்பார்கள். குழாயின் பரப்பு பாதிக்கும் கீழே போய்விடும். மணிக்கு 1200 கன மீட்டர் என்று எழுதிய மோட்டார் கத்துமே தவிர இழுக்காது. கூடுதல் காசு கொடுத்தாவது 6 அங்குலத்துக்குக் கோர் கட்டிங் போடுங்கள். குழாய் 10 அடிக்குள், வளைவு ஒன்று, மீறினால் இரண்டு. அலுமினிய ஃப்ளெக்ஸிபிள் குழாயை முழுக்க இழுத்து விறைப்பாகப் பொருத்த வேண்டும். சுருக்கம் சுருக்கமாக விட்டால் ஒவ்வொரு மடிப்பிலும் காற்று தடுக்கும், எண்ணெய் தேங்கும். வெளிப்பக்கம் சற்றே சாய்வு இருந்தால் எண்ணெய் அடுப்பின் மேல் திரும்பி வடியாது. வெளி வாய்க்கு மூடியும் வலையும் இல்லாவிட்டால் நீங்கள் ஊருக்குப் போயிருக்கும் பத்து நாளில் புறா குடியேறிவிடும்.

பல ஃபிளாட்டுகளில் குழாயை ஓடிஎஸ்ஸில், அதாவது நடுவே மேலே திறந்து கிடக்கும் அந்தக் குறுகலான இடைவெளியில் விடச் சொல்வார்கள். அங்கேதான் எல்லா மாடிக் குளியலறை ஜன்னல்களும் திறக்கின்றன. உங்கள் மீன் வறுவல் மேல் மாடிக்காரரின் குளியலறைக்குப் போகும், கீழ் மாடிக்காரருடையது உங்கள் வீட்டுக்கு வரும். யுடிலிட்டி பால்கனி வழியாகத் தெருப்பக்கமோ பின்பக்கமோ விட வழி உண்டா என்று பாருங்கள். இல்லையென்றால் அசோசியேஷனில் பேசிவிட்டுச் செய்யுங்கள்; பின்னால் வரும் சண்டையை விட அது மலிவு.

குழாயே வேண்டாம், கார்பன் ஃபில்டர் வழியாகத் திரும்ப உள்ளேயே விடும் சிம்னி இருக்கிறதே என்பார் விற்பனையாளர். வாங்காதீர்கள். வாடை கொஞ்சம் குறையும். ஈரமும் நைட்ரஜன் டை ஆக்சைடும் நுண்துகளில் பெரும்பகுதியும் வீட்டுக்கே திரும்பும். அந்தக் காசில் ஐந்து எக்ஸாஸ்ட் வாங்கலாம்.

வலை ஃபில்டர் நம் எண்ணெய்ச் சமையலுக்கு இரண்டு வாரத்தில் அடைக்கும். வளைந்த உலோகத் தகடுகளால் ஆன பாஃபிள் ஃபில்டர் மூன்று நாலு வாரம் தாங்கும், கழுவவும் எளிது. ஆட்டோ கிளீன் என்பது உள்ளே ஒரு ஹீட்டர் சூடாகி, ப்ளோயர் மேல் படிந்த எண்ணெயை உருக்கிக் கிண்ணத்தில் வடிப்பது; குழாயையும் பாஃபிளையும் அது சுத்தம் செய்யாது. கிண்ணத்தைக் காலி செய்ய மறந்தால் ஒருநாள் அது அடுப்பின் மேலேயே வழியும். எக்ஸாஸ்ட், சிம்னி இரண்டுக்கும் பொதுவான ஒரு பழக்கம்: அடுப்பு ஏற்றுவதற்கு இரண்டு நிமிடம் முன் போட்டு, அணைத்த பின் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். புகை வந்த பிறகு போடுபவர்கள் பாதிப் புகையை ஏற்கெனவே ஹாலுக்கு அனுப்பிவிட்டார்கள்.

சொந்த வீடு, குழாய்க்கு நேர் வழி, தினமும் வறுவல் பொரியல் என்றால் சிம்னி. மற்ற எல்லோருக்கும் எக்ஸாஸ்ட்.

ப்யூரிஃபையர் எப்போது

ப்யூரிஃபையர் ஒரு வேலையை மிக நன்றாகச் செய்யும்: மூடிய அறையில் நுண்துகளைக் குறைப்பது. எச்13 தர ஹெப்பா வடிகட்டி, பிடிக்கக் கடினமான அளவுத் துகளிலேயே 99.95 சதவீதத்தைப் பிடிக்கும். ஆனால் அந்த எண் வடிகட்டியைப் பற்றியது, அறையைப் பற்றியது அல்ல. அறைக்குப் பார்க்க வேண்டியது சிஏடிஆர், மணிக்கு எத்தனை கன மீட்டர் சுத்தக் காற்று தருகிறது என்பது.

10-க்கு 12 படுக்கையறை, உயரம் 10 அடி என்றால் 34 கன மீட்டர். மணிக்கு ஐந்து முறை சுத்திகரிக்க 170 சிஏடிஆர் தேவை. இங்கே ஒரு சூட்சுமம்: பெட்டியில் உள்ள சிஏடிஆர் அதிகபட்ச வேகத்தில் அளந்தது. அந்தச் சத்தத்தில் யாரும் தூங்க மாட்டார்கள். ஸ்லீப் மோடில் போட்டால் பெட்டியில் போட்டதில் சிறு பங்குதான் வரும். அதனால் 170 தேவைப்படும் அறைக்கு 280, 300 உள்ளதை வாங்கி நடு வேகத்தில் ஓட்டுங்கள். ‘500 சதுர அடி வரை’ என்ற வாசகத்தைப் பொருட்படுத்த வேண்டாம். மணிக்கு ஓரிரு முறை காற்று மாறினால் போதும் என்று கணக்குப் போட்டால் எந்த எந்திரத்துக்கும் பெரிய பரப்பு கிடைத்துவிடும்.

ஜன்னலைத் திறந்து வைத்து ஓட்டுவதில் பயன் இல்லையா? ஓரளவு உண்டு, கொடுத்த காசுக்கு இல்லை. மூடிய அறையில் வெளிக்காற்று மணிக்கு அறைக் கொள்ளளவில் அரை மடங்கு கசிகிறது, எந்திரம் ஐந்து மடங்கு சுத்திகரிக்கிறது என்றால், வெளியிலுள்ள நுண்துகளில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக உள்ளே இருக்கும். ஜன்னல் திறந்து மணிக்குப் பத்து மடங்கு காற்று வந்தால் மூன்றில் இரண்டு பங்கு உள்ளே இருக்கும். எந்திரம் அதேதான், மின்சாரமும் அதேதான்.

வாங்கி வந்ததும் பின் மூடியைத் திறந்து வடிகட்டியைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் உறையைக் கழற்றுங்கள். சிரிக்க வேண்டாம், உறையோடு ஆறு மாதம் ஓடும் எந்திரங்கள் ஏராளம். காற்று வருகிறது, விளக்கு எரிகிறது, யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. ஆட்டோ மோடையும் நம்ப வேண்டாம்: சென்சார் எந்திரத்தின் உடம்பிலேயே இருப்பதால், தன்னைச் சுற்றிய காற்று சுத்தமானதும் வேகத்தைக் குறைத்துவிடும், கட்டில் பக்கம் இன்னும் அழுக்காக இருக்கும்போதே. கையால் நடு வேகத்தில் வைத்து, சீலிங் ஃபேனை மெதுவாக ஓட்டினால் காற்று நன்றாகக் கலக்கும். சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி, திரைச்சீலை படாமல் இருக்கட்டும்.

முன் வடிகட்டி வலையை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்யலாம். ஹெப்பாவைக் கழுவக் கூடாது. நார்களின் மின்னூட்டம் போய்விட்டால் பார்க்க வெள்ளையாக இருக்கும், வேலை செய்யாது. வாங்கும் முன் மாற்று வடிகட்டியின் விலையையும் அது கடையில் கையிருப்பு உண்டா என்பதையும் கேளுங்கள். எட்டாயிரம் ரூபாய் எந்திரத்துக்கு மூவாயிரம் ரூபாய் வடிகட்டி ஆண்டுக்கொன்று என்றால், மூன்று ஆண்டில் எந்திரத்தின் விலையைத் தாண்டிவிடும். மின்சாரம் பெரிய செலவில்லை: 50 வாட்டை இரவில் பத்து மணி நேரம் ஓட்டினால் இரண்டு மாத பில்லில் 30 யூனிட்.

அடுக்களைப் பக்கம் மட்டும் வைக்க வேண்டாம். எண்ணெய்ப் புகை ஹெப்பா மேல் பூசிக்கொண்டால் சீக்கிரமே கறிக்குழம்பு வாடை அடிக்கும், அந்த வடிகட்டியைக் காப்பாற்ற முடியாது. அயனைசர் பொத்தான் இருந்தால் அணைத்தே வையுங்கள், சிலவற்றில் அது ஓசோனை உண்டாக்கும். கலிஃபோர்னியாவில் 0.05 பிபிஎம்முக்கு (பிபிஎம் என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) மேல் ஓசோன் வரும் ப்யூரிஃபையரை வீட்டுக்கு விற்கவே தடை. நம் ஊரில் ‘ஓசோன் ஃப்ரெஷ்’ என்பதையே சிறப்பம்சமாகப் போட்டு விற்கிறார்கள்.

ப்யூரிஃபையர் செய்யாதவற்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். கார்பன் டை ஆக்சைடைக் குறைக்காது. கார்பன் மோனாக்சைடைக் குறைக்கவே குறைக்காது. குளியலறைக்குள்ளேயே கேஸ் கீசர் மாட்டியிருக்கும் வீட்டில் வேறு எதையும் செய்வதற்கு முன் அதை வெளியே மாற்றுங்கள்; அது மூச்சுத்திணறல் விவகாரம் இல்லை, உயிர் விவகாரம். புது பெயின்ட், புது வார்ட்ரோபின் வாடைக்கும் ப்யூரிஃபையர் பெரிய உதவி இல்லை. உள்ளே இருக்கும் கார்பன் பெரும்பாலும் மெல்லிய ஒரு விரிப்பு, சில வாரங்களில் நிரம்பிவிடும். ஃபார்மால்டிஹைடு சூட்டிலும் ஈரத்திலும் கூடுதலாக வெளியேறும் என்பதால் கதவுகளைத் திறந்துபோட்டு, ஃபேன் ஓடவிட்டு, மூன்று நாலு வாரம் கழித்துக் குடிபோவது மேல்.

ஏசி அறை

ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றைக் கொண்டுவராது; உள்ளே இருப்பதையே குளிர்வித்துச் சுற்றும். மூன்று பேர் படுத்த அறையைப் பூட்டினால் சில மணி நேரத்தில் கார்பன் டை ஆக்சைடு 2000 பிபிஎம்மைத் தாண்டும். வெளியே 420-ஐ ஒட்டி இருக்கும். காலையில் தலை கனக்கிறது, தூங்கியும் தூங்காதது போல் இருக்கிறது என்பவர்கள் இதை ஒருமுறை அளந்து பார்க்கலாம். மீட்டர் வாங்கினால் என்டிஐஆர் (அகச்சிவப்பு ஒளியால் அளக்கும்) சென்சார் என்று எழுதியிருக்க வேண்டும். ஆயிரம் ரூபாய்க் கருவிகள் பல, வேறு வாயுக்களை வைத்து ஊகித்து ஓர் எண்ணைக் காட்டுகின்றன. பக்கத்தில் சானிடைசர் தடவினால் எகிறும்.

மலிவான தீர்வு, படுக்கையறைக் கதவை இரண்டு அங்குலம் திறந்து, ஹால் ஜன்னல் ஒன்றை வலையோடு திறந்து வைப்பது. குளிர் கொஞ்சம் போகும். வடிகட்டிய வெளிக்காற்றை உள்ளே தள்ளும் ஃப்ரெஷ் ஏர் எந்திரம் இதற்கென்றே இருக்கிறது. ஆனால் நல்லது வாங்கினால் நம் இருபதாயிரத்தில் மிச்சம் இருக்காது, சுவரில் ஓட்டையும் போட வேண்டும். சென்னை வெக்கையில் மூன்று பேருக்குத் தேவையான 90 கன மீட்டர் வெளிக்காற்றைக் குளிர்வித்து உலர்த்த ஏறக்குறைய கால் டன் ஏசித் திறன் கூடுதலாகச் செலவாகும் என்பதையும் கணக்கில் வையுங்கள். எக்ஸாஸ்ட் ஃபேனைத் திருப்பி மாட்டி முன்னால் ஹெப்பா வைத்து நாமே செய்யலாமா என்று சிலர் முயல்வதுண்டு. நடக்காது. அந்த இறக்கை தடையில்லாத காற்றைத் தள்ளுவதற்கானது. ஹெப்பாவின் தடைக்கு எதிராக அழுத்தம் தர முடியாமல் அதே இடத்தில் சுழலும். அதற்குக் குழாயின் நடுவே பொருத்தும் இன்லைன் டக்ட் ஃபேன் வேண்டும்.

ஈரம், செடி

கடலோர ஊரில் தூசிப்பேனும் பூஞ்சையும் ஈரத்தால் வளர்பவை. ஈரப்பதத்தை அளக்கும் ஐந்நூறு ரூபாய் ஹைக்ரோமீட்டர் 60 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் மெத்தையையும் தலையணையையும் கவனியுங்கள்: வாரம் ஒருமுறை உறைகளை வெந்நீரில் துவைத்து, மெத்தையை வெயிலில் போடுங்கள். வெளிச்சுவரை ஒட்டிய பீரோவுக்குப் பின்னால் மூன்று அங்குல இடைவெளி வேண்டும். சுவரில் கசிவு இருந்தால் அதை அடைக்காமல் பூஞ்சைத் தடுப்பு பெயின்ட் அடிப்பது அடுத்த ஐப்பசி வரைக்கும்தான் தாங்கும். டீஹியூமிடிஃபையர் வேலை செய்யும், ஆனால் ஏசி இல்லாத அறையில் அது தன் சூட்டையும் சேர்த்துக் கக்கும். ஏசி இருக்கும் அறையில் 26-ல் வைத்துச் சீலிங் ஃபேன் போட்டாலே ஈரம் இறங்கும். தேவைக்கு மிஞ்சிய டன்னேஜ் ஏசி சட்டென்று குளிர்வித்து நின்றுவிடுவதால் ஈரத்தை எடுக்காது.

செடிகளுக்கு ஒரு பத்தி போதும். 1989-ல் நாசா செய்த சோதனை சிறிய மூடிய கூண்டுக்குள் நடந்தது. பிறகு வந்த சோதனைகளையெல்லாம் சேர்த்து 2019-ல் கணக்கிட்டபோது, சாதாரணக் காற்றோட்டத்துக்கு ஈடாகச் சதுர மீட்டருக்குப் பத்து முதல் ஆயிரம் செடி வேண்டும் என்று வந்தது. அழகுக்கு வையுங்கள், தொட்டித் தட்டில் தண்ணீர் தேங்க விடாதீர்கள், டெங்குக் கொசு அங்கேதான் முட்டையிடும்.

அப்படியானால் அந்த இருபதாயிரம்

தொடக்கத்தில் சொன்ன ஃபிளாட்டுக்கு எங்கள் பரிந்துரை: 250 மி.மீ. எக்ஸாஸ்ட், ஓட்டை அடைப்பு, எலெக்ட்ரீஷியன் கூலி எல்லாம் சேர்த்து மூவாயிரத்துக்குள். ஜன்னல்களுக்கு வலை நாலாயிரம், கொசுவத்தி அத்தோடு நிறுத்தம். மிச்சத்தில் குழந்தை படுக்கும் அறைக்கு மட்டும் 280-க்கு மேல் சிஏடிஆர் உள்ள ப்யூரிஃபையர், கூடவே ஒரு மாற்று வடிகட்டிக்கான பணம். ஹாலுக்கு ப்யூரிஃபையர் வேண்டாம். கதவு திறந்து மூடும் இடத்தில் அது சமாளிக்காது.

வாடகை வீட்டிலும் ஏறக்குறைய இதேதான், சிம்னியை மட்டும் நினைக்கவே வேண்டாம். சுவரைத் துளைக்க வீட்டுக்காரர் சம்மதித்தாலும் காலி செய்யும்போது அது அவருக்கே மிஞ்சும். ஃபேனையும் ப்யூரிஃபையரையும் கழற்றிக்கொண்டு போகலாம். மணலி, எண்ணூர்ப் பக்கம் ஆலைகளை ஒட்டியோ, லாரி போகும் சாலையை ஒட்டியோ இருந்து, சமையல் குறைவு என்றால் வரிசை தலைகீழ்: முதலில் படுக்கையறை ப்யூரிஃபையர், ஜன்னல் கதவு இடுக்குகளுக்கு ஃபோம் டேப், பிறகுதான் மற்றவை.

ஜன்னல் திறப்பதிலும் நேரம் உண்டு. கோடையில் நண்பகலை ஒட்டிக் கடற்காற்று நுழைந்த பிறகு, மாலை ஐந்து மணி வரை திறந்து வையுங்கள். மார்கழி, தை விடியற்காலைகளில் காற்று அசையாமல் புகை தரையோடு தங்கும். ஒன்பது, பத்து மணி வரை மூடியே இருக்கட்டும். போகி அன்றும் தீபாவளி இரவும் முன்னேற்பாடாக மாலையிலேயே படுக்கையறையை மூடி, ப்யூரிஃபையரை முழு வேகத்தில் ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு நடு வேகத்துக்கு இறக்குங்கள். அந்த இரண்டு நாளும் அடுக்களை எக்ஸாஸ்ட்டை அவசியத்துக்கு மேல் ஓட்ட வேண்டாம். அது எவ்வளவு காற்றை வெளியே தள்ளுகிறதோ அவ்வளவு தெருப்புகை கதவிடுக்கு வழியே உள்ளே வரும்.